ஒரு பக்கம் தெரிந்தால் போதும்!



முதல் வருடக் கணக்கில் நான் அரியர் வைத்தவன். போர்டில் சைன், காஸ், டேன் என்று எழுதும்போதெல்லாம், இதெல்லாம் நமக்கு எதுக்கு என்றுதான் தோணும். என் அப்பா கொத்தனார். வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். மூணடி, நாலடி அளந்து, குறுக்கே அஞ்சடி வந்தா மூலை சரி என்று அப்பா கயிறு பிடித்தே செங்கோணம் போட்டுவிடுவார். அவருக்குத் தெரிந்த முக்கோணம் எனக்குப் புரியவில்லை. அதைப் புரிய வைத்தவர், லைப்ரரியில் நான் சந்தித்த வில்லியம் லாம்ப்டன்.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பகுதியில், 1750-களில், எளிய குடும்பத்தில் பிறந்தவர் அவர். பட்டாளத்தில் சேர்ந்து இந்தியா வந்தார். 1799-ல் நடந்த மைசூர்ப் போரிலும் இருந்தார். போர் முடிந்ததும், தென்னிந்தியாவின் குறுக்கே முக்கோணங்களாலேயே அளக்கலாம் என்று கம்பெனி அரசிடம் திட்டம் கொடுத்தார். பிடித்த நாட்டை அளந்து ஆள கம்பெனிக்கு வரைபடம் தேவை. லாம்ப்டனுக்கோ பூமியின் வடிவத்தையே கண்டுபிடிக்க ஆசை!

லண்டனில் செய்த அரை டன் தியோடலைட் கப்பலில் வரும்போது பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. அவர்கள் அதை மொரீஷியஸுக்குக் கொண்டுபோய், பிறகு மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். 1802 ஏப்ரல் 10-ம் தேதி, சென்னை பரங்கிமலை அருகே வேலை ஆரம்பம். நூறடி இரும்புச் சங்கிலியைச் சுமார் நானூறு தடவை போட்டு, ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு கோட்டை அளந்தார்கள். வெயிலில் இரும்பு நீளுமே! அதனால் கூடவே தெர்மாமீட்டரும் வைத்துப் பார்த்தார்கள்.

அதற்கு மேல் பெரும்பாலும் சங்கிலி இல்லை, கோணம்தான். கோட்டின் இரு முனையிலிருந்தும் தூரத்துக் குன்றைப் பார்த்துக் கோணம் எடுப்பார். குன்றிலிருந்து கோட்டுக்குச் செங்குத்து இறக்கினால் இரண்டு செங்கோண முக்கோணம். மீதிப் பக்கங்களை சைன் சொல்லிவிடும். அந்தப் பக்கமே அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. நாமும் செய்யலாம். நூறடி தள்ளி நின்று பனை உச்சி 30 டிகிரி என்றால், டேன் 30 பெருக்கல் 100, அதாவது கண்மட்டத்துக்கு மேல் 57.7 அடி. மரம் ஏற வேண்டாம்!

இப்படியே மங்களூர் வரை போனபோது, தீபகற்பத்தின் அகலம் பழைய வரைபடத்தில் இருந்த 400 மைல் இல்லை, சுமார் 360 மைல்தான் என்று தெரிந்தது.

1808-ல் தஞ்சாவூர். குன்று இல்லாத சமவெளி, அதனால் பெரிய கோவில் கோபுரத்துக்குத் தியோடலைட்டை ஏற்றினார்கள். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் நெளிந்துவிட்டது. வேறு ஆளாக இருந்தால் ஊருக்குக் கிளம்பியிருப்பார். லாம்ப்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, ஆறு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து நெளிவு எடுத்தார். மறுபடி அளக்கப் போனார்.

இதை எழுத எனக்குக் காரணம் உண்டு. சர்வே பிராக்டிகலில் என் கால் தட்டி ட்ரைபாட் சாய்ந்தது. நண்பன் பிடித்ததால் தியோடலைட் தப்பியது. அப்புறம் அதைத் தொடவே பயம். ஓரமாக நின்று ரீடிங் மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர்க் கதை படித்த மறுநாள் நானே போய் லெவல் செய்தேன். அரியரும் போச்சு!

லாம்ப்டன் 1823 ஜனவரி 20-ம் தேதி, இன்றைய மகாராஷ்டிராவின் ஹிங்கன்காட்டில், வேலைக்கு நடுவிலேயே இறந்தார். அவர் தொடங்கிய முக்கோணச் சங்கிலியை ஜார்ஜ் எவரெஸ்ட் இமயமலை அடிவாரம் வரை கொண்டுபோனார்.

அந்த அரை டன்னைத் தூக்கியவர்கள், காட்டுக் காய்ச்சலில் கொடி பிடித்து நின்றவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பெயரை எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்கவில்லை. அவர்களும் என் அப்பா மாதிரி உழைப்பாளிகள்தான். அன்று அவர்கள் சுமந்த கருவியில் இன்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் நாம் கோணம் பார்க்கிறோம்.

நண்பர்களே, ஒரு பக்கம் தெரிந்தால் போதும். மீதியைக் கண்டுபிடித்துவிடலாம்!