டொராண்டோ பியெட்ரி: குடியேறிகளின் ஓட்ட வீரர்

1909ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் தேதி இரவு, இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரின் மரீனா சதுக்கத்தில், ஜோ பெட்ரோசினோ என்ற நியூயார்க் காவல்துறை அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டார். நியூயார்க் காவல்துறையின் இத்தாலியப் பிரிவுக்குத் தலைமை வகித்த அவர், அமெரிக்காவில் குடியேறிய இத்தாலியர்களில் குற்றப் பின்னணி கொண்டவர்கள் குறித்த ஆவணங்களைத் திரட்டுவதற்காக அங்கு சென்றிருந்தார். அவரும் தெற்கு இத்தாலியில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்தான். இந்தக் கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

மூன்று நாட்கள் கழித்து, நியூயார்க்கில் டொராண்டோ பியெட்ரி என்ற இத்தாலிய ஓட்ட வீரர், லண்டன் ஒலிம்பிக் மராத்தான் வெற்றியாளரான அமெரிக்காவின் ஜானி ஹேய்ஸை இரண்டாவது முறையாகத் தோற்கடித்தார்.

அன்றைய அமெரிக்கா இத்தாலியக் குடியேறிகளை எவ்விரு கோணங்களில் பார்த்தது என்பதை இந்த இரு நிகழ்வுகளும் காட்டுகின்றன. ஒன்று அச்சம், மற்றொன்று ஆரவாரம். இவற்றுக்கு இடையில் ஓடியவர் பியெட்ரி.

இனிப்புக் கடைப் பணியாள்

டொராண்டோ பியெட்ரி, 1885ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் தேதி வட இத்தாலியில் கொரெஜ்ஜோ என்ற ஊரை அடுத்த மாந்த்ரியோ கிராமத்தில் பிறந்தார். பின்னர் குடும்பம் கார்ப்பி என்ற சிறுநகரில் குடியேற, அங்கு ஓர் இனிப்புப் பண்டக் கடையில் அவர் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அவரது உயரம் 159 சென்டிமீட்டர் மட்டுமே.

1904ஆம் ஆண்டு பெரிக்ளே பல்யானி என்ற புகழ்பெற்ற ஓட்ட வீரர் கார்ப்பிக்கு வந்து ஓடியபோது, வேலை உடையிலேயே அவரைப் பின்தொடர்ந்த பியெட்ரி இறுதிவரை அவருக்கு ஈடுகொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டே பாரிஸில் நடந்த 30 கிலோமீட்டர் ஓட்டத்தில் அவர் வெற்றி பெற்றார். 1906ஆம் ஆண்டு ஏதென்ஸ் போட்டியில் முன்னணியில் இருந்தபோது வயிற்றுக் கோளாறு காரணமாக இடையில் விலக நேர்ந்தது.

1908ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளை நடத்தும் பொறுப்பு முதலில் ரோம் நகருக்கே அளிக்கப்பட்டிருந்தது. 1906ஆம் ஆண்டு வெசூவியஸ் எரிமலை வெடிப்பு, நிதி நெருக்கடி ஆகியவற்றின் பின்னணியில் இத்தாலி விலகிக்கொள்ள, போட்டிகள் லண்டனுக்கு மாற்றப்பட்டன. சொந்த மண்ணில் ஓடியிருக்க வேண்டியவர், அந்நிய மண்ணில் ஓட நேர்ந்தது.

லண்டனில் கடைசி 350 மீட்டர்

1908 ஜூலை 24ஆம் தேதி வெப்பம் மிகுந்த நாளாக இருந்தது. வின்ட்சர் கோட்டையில் தொடங்கிய மராத்தானில் நெடுநேரம் தென்னாப்பிரிக்காவின் சார்ல்ஸ் ஹெஃபரன் முன்னணியில் இருந்தார். சுமார் 39ஆவது கிலோமீட்டரில் அவரைக் கடந்த பியெட்ரி, முதலாவது ஆளாக ஒயிட் சிட்டி அரங்கில் நுழைந்தார்.

ஆனால் அவரது உடல் அதற்குள் வற்றிப்போயிருந்தது. அரங்கினுள் தவறான திசையில் திரும்பினார். அதிகாரிகள் சரியான திசையைக் காட்டிய பின்னர் விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். சுமார் 75,000 பார்வையாளர்கள் முன்னிலையில் ஐந்து முறை விழுந்த அவர், எஞ்சிய 350 மீட்டரைக் கடக்கப் பத்து நிமிடங்கள் எடுத்துக்கொண்டார். அதிகாரிகளும் மருத்துவரும் அவரைத் தூக்கி நிறுத்தி, தாங்கிப் பிடித்து எல்லைக் கோட்டைக் கடக்கச் செய்தனர். 2 மணி 54 நிமிடம் 46 விநாடிகளில் ஓட்டத்தை முடித்த அவருக்கு 32 விநாடிகள் பின்னால் ஹேய்ஸ் வந்து சேர்ந்தார்.

அமெரிக்க அணி ஆட்சேபம் தெரிவித்தது. பிறர் உதவி பெற்றதால் பியெட்ரி தகுதி நீக்கம் செய்யப்பட்டார். விதிப்படி அது சரியான முடிவே. எவருடைய துணையுமின்றி ஓடி முடித்த ஹேய்ஸுக்கே தங்கப் பதக்கம் உரியது. ஆயினும், பியெட்ரியைத் தூக்கி நிறுத்தியவர்கள் அதே போட்டியின் அதிகாரிகள்தான். அவர்களது பரிவே அவரது தகுதியைப் பறித்தது என்பதுதான் இதிலுள்ள முரண்.

மறுநாள் மகாராணி அலெக்சாண்ட்ரா அவருக்குப் பொன் முலாம் பூசிய வெள்ளிக் கோப்பை ஒன்றைப் பரிசளித்தார். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளைப் படைத்த எழுத்தாளர் ஆர்தர் கோனன் டாயில், டெய்லி மெயில் பத்திரிகை மூலம் அவருக்காக நிதி திரட்ட முன்வந்தார். ஊரில் ஒரு பேக்கரி தொடங்க உதவும் என்ற நோக்கில் சுமார் 300 பவுண்டுகள் திரண்டன. இத்தனைக்கும் பிறகு, அதிகாரபூர்வ முடிவுப் பட்டியலில் அவரது பெயருக்கு இடமில்லை.

கூரைக்குக் கீழே 262 சுற்றுகள்

அன்றைய ஒலிம்பிக் விதிகளின்படி, ஓடிப் பணம் ஈட்டுபவர் மீண்டும் ஒலிம்பிக்கில் பங்கேற்க இயலாது. வசதி படைத்தோருக்கு இது ஒரு பொருட்டல்ல. கடைப் பணியாளாக இருந்தவருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை. பியெட்ரி பணத்தைத் தெரிவு செய்தார். ஹேய்ஸும் தொழில்முறை வீரரானார்.

1908 நவம்பர் 25ஆம் தேதி, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் உள்ளரங்கில் இருவரும் மோதினர். லண்டனில் ஓடிய அதே தொலைவு, இம்முறை ஒரே கூரையின் கீழ். மைலுக்குப் பத்துச் சுற்றுகள் என்ற கணக்கில் மொத்தம் 262 சுற்றுகள். அரங்கம் நிரம்பி வழிந்தது. அனுமதிச் சீட்டு கிடைக்காத பல்லாயிரம் பேர் வெளியே நின்றனர். இருவரும் மாறி மாறி முன்னணி வகித்த ஓட்டத்தில், கடைசி 500 மீட்டரில் விலகி முன்னேறிய பியெட்ரி வெற்றி பெற்றார். லண்டனை விட ஏறத்தாழ பத்து நிமிடங்கள் குறைவாகவே அவருக்குத் தேவைப்பட்டது. இம்முறை எவரும் அவரைத் தாங்கிப் பிடிக்கவில்லை.

அரங்கில் இருந்த கூட்டத்தின் தன்மையும் கவனிக்கத்தக்கது. ஹேய்ஸ் ஐரிஷ் குடியேறிகளின் மகன். முன்னரே வந்து வேரூன்றிய ஐரிஷ் சமூகத்துக்கும், அப்போதுதான் பெருமளவில் வந்துகொண்டிருந்த இத்தாலியச் சமூகத்துக்கும் இடையிலான போட்டியாகவும் அது பார்க்கப்பட்டது. 1907ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 2,85,000 இத்தாலியர்கள் அமெரிக்காவுக்கு வந்தனர். இவர்களில் பெரும்பாலோர் நேப்பிள்ஸ், பலெர்மோ போன்ற துறைமுகங்களில் கப்பலேறிய தென்பகுதி மக்கள்.

தாய்நாட்டில் இவர்களுக்கும் வடபகுதியைச் சேர்ந்த பியெட்ரிக்கும் பொதுவானவை மிகச் சில. பேச்சு வழக்கு வேறு, உணவு வேறு. வடக்கு தெற்கை இளக்காரமாகப் பார்த்த காலம் அது. நியூயார்க்கிலோ அனைவரும் வெறும் இத்தாலியர்கள்தான். பிறர் ஒரே பெயரால் அழைத்ததாலேயே ஒன்றான மக்களுக்கு, பியெட்ரி பொதுவான முகமானார்.

கைதட்டலும் சட்டமும்

அதே ஆண்டு டிசம்பரில் கனடாவின் பூர்வகுடி வீரர் டாம் லாங்போட்டிடம் பியெட்ரி தோற்றார். ஜனவரியில் மீண்டும் தோற்றார். அவர் மீது பந்தயம் கட்டி எல்லாவற்றையும் இழக்கும் இத்தாலிய முடிதிருத்துநர் ஒருவரைக் கேலிக்குரிய பாத்திரமாக்கி இர்விங் பெர்லின் எழுதிய பாடல், 1909இல் வெளியாகிப் பிரபலமடைந்தது. பெர்லினும் ரஷ்யப் பேரரசிலிருந்து வந்த யூதக் குடியேறி என்பது குறிப்பிடத்தக்கது.

அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் 22 ஓட்டங்களில் 17இல் வென்ற பியெட்ரி, 1909 மே மாதம் தாயகம் திரும்பினார். 1910இல் புவெனஸ் அயர்ஸில் தனது கடைசி மராத்தானை 2 மணி 38 நிமிடங்களில் ஓடினார். 1911இல், 26 வயதில், ஓய்வு பெற்றார். ஈட்டிய பணத்தைத் தனது சகோதரருடன் ஒரு ஹோட்டலில் முதலீடு செய்தார். அது நட்டத்தில் முடிந்தது. பின்னர் சான்ரெமோ நகரில் வாடகைக் கார் ஓட்டி வாழ்ந்த அவர், 1942 பிப்ரவரி 7ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 56.

அவருக்காக ஆர்ப்பரித்த குடியேறிகளின் நிலை என்ன ஆனது? 1924ஆம் ஆண்டு அமெரிக்கா இயற்றிய குடியேற்றச் சட்டம், இத்தாலியர்களுக்கான ஆண்டு ஒதுக்கீட்டை நான்காயிரத்துக்கும் கீழே குறைத்தது. அரங்கில் எழுந்த கைதட்டல் சட்டமன்றத்தை எட்டவில்லை. பெட்ரோசினோவின் கொலை விதைத்த அச்சம் அங்கே எளிதாக எட்டியது.

இன்றைய பலெர்மோ

மக்களை வழியனுப்பி வைத்த பலெர்மோ, 1980களிலிருந்து மக்களை வரவேற்கும் நகராகவும் மாறியுள்ளது. இலங்கைப் போரினால் இடம்பெயர்ந்த தமிழர்கள் அங்கு கணிசமாக வாழ்கின்றனர். பலர் வீட்டுப் பணியாளர்களாக வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். நகரின் காவல் புனிதையான ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு, கத்தோலிக்கத் தமிழர்களுடன் இந்துத் தமிழர்களும் பெல்லெக்ரீனோ மலையேறிச் செல்வது உள்ளூர் மக்களுக்குப் பழகிப்போன காட்சி.

புலம்பெயர்ந்த எந்தச் சமூகமும் தனக்கென ஒரு வீரரைத் தேடுகிறது. யாழ்ப்பாணமா, மட்டக்களப்பா, மலையகமா, தமிழ்நாடா என்ற கேள்விகள் அந்த வெற்றியின் கணத்தில் மறைந்துவிடுகின்றன. அந்தப் பெருமிதம் பொய்யல்ல. ஆனால் லண்டன் பியெட்ரிக்குக் கோப்பை தந்தது, நியூயார்க் ஆரவாரம் தந்தது. அவரது மக்களுக்கான கதவு அதற்குப் பிறகும் மூடப்பட்டது. வந்தேறியின் மீது காட்டப்படும் பரிவு, அவருக்குத் தரப்படும் உரிமையாகத் தானாக மாறிவிடுவதில்லை. அதற்கான ஓட்டம் எந்த அரங்கிலும் முடிவடைவதில்லை என்பதை இத்தாலியர்கள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர்.