வென்றவர் பக்கம் நின்ற துபாஷ்!
ஆனந்தரங்கப் பிள்ளையின் வாழ்க்கை

சென்னைப் பட்டணம் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. இது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. 1746-ம் ஆண்டு முதல் 1749-ம் ஆண்டு வரை, ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது.

அந்த நாட்களில் ஊர் பட்ட பாட்டை ஒரு தமிழர் எழுதி வைத்தார். அவர் தோற்றவர் பக்கம் நின்றவர் அல்ல. வென்றவருக்கு வலது கையாக இருந்தவர். அவர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை.

பெரம்பூர்ப் பிள்ளை

1709-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி, சென்னைப் பெரம்பூரில் அவர் பிறந்தார். தந்தை திருவேங்கடம் பிள்ளை, வியாபாரி. தாய் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்.

பாண்டிச்சேரியில் நைனியப் பிள்ளை என்று ஒரு உறவினர் இருந்தார். அங்கே பிரெஞ்சுக் கம்பெனிக்கு அவர் துபாஷ். துபாஷ் என்றால் இரண்டு மொழி அறிந்தவர். வெள்ளைக்காரருக்கும் ஊராருக்கும் நடுவே பேசுவது அவர் வேலை. சரக்கு வாங்குவது, விலை பேசுவது, ராஜாக்களுக்குக் கடிதம் எழுதுவது எல்லாம் அவர் மூலம்தான் நடக்கும்.

நைனியப் பிள்ளை கூப்பிட, திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோடு பாண்டிச்சேரிக்குக் குடிபெயர்ந்தார்.

ஆனால் நைனியப் பிள்ளையின் முடிவு என்ன? கவர்னருக்கு அவர்மேல் கோபம் வந்தது. சிறையில் போட்டார்கள். 1717-ம் ஆண்டில் சிறையிலேயே அவர் உயிர் போயிற்று. அப்போது ஆனந்தரங்கருக்கு எட்டு வயது.

அன்னியரிடம் பெரிய உத்தியோகம் பார்ப்பது புலி வாலைப் பிடிப்பது போன்றது. இந்தப் பாடம் அவருக்குச் சின்ன வயதிலேயே கிடைத்துவிட்டது.

கணக்குப் புத்தகத்தில் சரித்திரம்

1726-ம் ஆண்டில் தந்தை இறந்தார். பதினேழு வயதுப் பிள்ளையின் சாமர்த்தியத்தைக் கவர்னர் லெனுவார் கண்டுகொண்டார். கம்பெனி வேலையில் சேர்த்துக்கொண்டார். பரங்கிப்பேட்டையில் இருந்த துணிக் கிடங்கைப் பிள்ளையிடம் ஒப்படைத்தார்.

பிள்ளை வளர்ந்தார். துணி வியாபாரம், பாக்கு வியாபாரம், கப்பல் வியாபாரம் என்று கை நீண்டது. ஆனந்தப்புரவி என்ற கப்பலுக்குச் சொந்தக்காரர் ஆனார். செங்கல்பட்டைச் சேர்ந்த மங்கத்தாயி அம்மாளை மணந்து குடும்பமும் பெருகியது.

1736-ம் ஆண்டு செப்டம்பர் 6-ந் தேதி ஒரு புதுப் பழக்கம் தொடங்கியது. அன்றாடம் கண்டதையும் கேட்டதையும் எழுதி வைக்க ஆரம்பித்தார். கப்பல் வந்தது, சரக்கு விற்றது, கவர்னர் சிரித்தது, கவர்னர் கோபித்தது, ஊரில் கல்யாணம், எழவு எல்லாம் அதில் ஏறின. நாம் பேசுகிற தமிழிலேயே எழுதினார். சாகும் வரை இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் இந்தப் பழக்கத்தை விடவில்லை.

கோட்டை விழுந்தது

1742-ம் ஆண்டில் டூப்ளே பாண்டிச்சேரிக் கவர்னராக வந்தார். பெரிய ஆசைக்காரர். நான்கு ஆண்டு கழித்துத் தலைமைத் துபாஷ் கனகராய முதலியார் இறந்தார். அது முதல் டூப்ளே எதற்கும் பிள்ளையையே கூப்பிட்டார். சில காலத்தில் அந்தப் பதவியும் முறைப்படி அவருக்கே வந்தது.

அதே 1746-ம் ஆண்டில், ஐரோப்பாவில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடந்த சண்டை இங்கேயும் மூண்டது. லபோர்தொனே என்ற பிரெஞ்சுத் தளபதி கப்பல் படையோடு சென்னைக்கு வந்தார். தெற்கே கரை இறங்கி, கடலிலிருந்தும் நிலத்திலிருந்தும் குண்டு போட்டார்.

கோட்டையில் இருந்த ஆங்கிலச் சிப்பாய்கள் சுமார் முந்நூறு பேர். அதிலும் பலர் சண்டைக்கு உதவாதவர்கள். செப்டம்பர் 21-ந் தேதி கவர்னர் மோர்ஸ் சரணடைந்தார்.

ஆங்கிலக் கொடி இறங்கியது. பிரெஞ்சுக் கொடி ஏறியது. கிடங்குகளில் இருந்த சரக்கைக் கணக்கெடுத்துக் கப்பலில் ஏற்றினார்கள். பதினொரு லட்சம் வராகன் கொடுத்தால் பட்டணத்தைத் திருப்பித் தருவதாக லபோர்தொனே வாக்குக் கொடுத்தார்.

பிறந்த ஊர் விழுந்தது. பிள்ளை வருந்தினாரா? இல்லை. எஜமானரின் வெற்றி தம் வெற்றி என்றே அவர் எண்ணினார். டூப்ளேயின் புகழைத் தம் புத்தகத்தில் பக்கம் பக்கமாக எழுதினார்.

அடையாற்றங்கரைப் போர்

டூப்ளே ஏற்கெனவே இன்னொரு வாக்குக் கொடுத்திருந்தார். சென்னையைப் பிடித்தால் அதை ஆர்க்காடு நவாப் அன்வருத்தீனிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்.

ஆக, ஒரே பட்டணம். அதற்கு இரண்டு வாக்கு! ஆங்கிலேயருக்கு ஒன்று, நவாபுக்கு ஒன்று. டூப்ளே இரண்டையும் காப்பாற்றவில்லை.

அக்டோபரில் பெரும்புயல் அடித்தது. லபோர்தொனேயின் கப்பல்கள் பல நாசமாயின. மிச்சம் இருந்ததைக் கூட்டிக்கொண்டு அவர் போய்விட்டார். இனித் தடுப்பார் இல்லை.

நவாபுக்குப் பொறுக்கவில்லை. மகன் மாபூஸ் கானைப் பத்தாயிரம் பேரோடு அனுப்பினார். அந்தப் படை மயிலாப்பூர், சாந்தோம் பக்கம் வந்து அடையாற்றின் வடகரையில் நின்றது.

பாண்டிச்சேரியிலிருந்து பாரதி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் பிரெஞ்சுப் படையோடு வந்தார். அவரிடம் இருந்தவர்கள் சுமார் ஆயிரம் பேர்தான். அதிலும் எழுநூறு பேர் நம் நாட்டுச் சிப்பாய்கள்.

இன்று குயிபிள் தீவு என்று சொல்லுகிறோமே, அதன் அருகேதான் சண்டை. பிரெஞ்சுப் படை ஆற்றில் இறங்கி நடந்தே கரை ஏறியது. வரிசையாக நின்று விடாமல் சுட்டது. நவாபின் படை சிதறியது. குதிரைகளும் ஆட்களும் சாந்தோம் தெருக்களில் முட்டி மோதி ஓடினார்கள்.

பயிற்சி பெற்ற சிறு படை ஒரு பெரிய படையை விரட்டலாம் என்று அன்றுதான் ஐரோப்பியருக்குத் தெரிந்தது. இந்தியா அடிமையான கதைக்கு அடையாற்றங்கரையில் ஒரு முக்கியமான பக்கம் எழுதப்பட்டது.

வென்றவர் செய்த காரியங்கள்

போர் முடிந்ததும் பாரதி சென்னைக் கோட்டைக்குள் வந்தார். பழைய உடன்படிக்கை செல்லாது என்று அறிவித்தார். பிறகு நடந்தவற்றைப் பாருங்கள்.

முதலாவது, சத்தியம். பிரெஞ்சு ராஜாவுக்கு விசுவாசமாக இருப்பதாக ஆங்கிலேயர் சத்தியம் செய்ய வேண்டும். செய்யாதவர் நான்கு நாளில் ஊரைவிட்டுப் போகவேண்டும்.

இரண்டாவது, சொத்து. உடுத்த துணி, பெண்களின் நகை போக மற்றது எல்லாம் பறிமுதல்.

மூன்றாவது, அவமானம். கவர்னர் மோர்ஸையும் அவர் சகாக்களையும் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோய் வீதியில் ஊர்வலம் விட்டார்கள். ஜனங்கள் கூடி வேடிக்கை பார்த்தார்கள்.

நான்காவது, இடிப்பு. கோட்டைச் சுவரை ஒட்டி நம்மவர் குடியிருந்த கறுப்பர் பட்டணத்தில் வீடுகளை இடித்து வெளியாக்கினார்கள். கோட்டையில் இருந்த கறுப்புக் கல்தூண்களைக்கூடப் பெயர்த்துப் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஐந்தாவது, வியாபாரம். சென்னை வியாபாரிகள் பாண்டிச்சேரிக்கு வந்து குடியேற வேண்டும் என்று டூப்ளே விரும்பினார். இந்த வேலைக்குப் பிள்ளையின் எழுத்தும் பேச்சும் தேவைப்பட்டன.

எல்லோரும் வந்துவிட்டார்களா? சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் 1726-ம் ஆண்டில் பாலம் கட்டிய அர்மீனிய வியாபாரி பெத்ரோஸ் உஸ்கான் வரவில்லை. அவருடைய சென்னைச் சொத்தைப் பறித்தார்கள். அப்போதும் அவர் இணங்கவில்லை. அவர் பாலம் இருந்த இடத்தில்தான் இன்று மறைமலையடிகள் பாலம் இருக்கிறது.

இந்த முறைகள் அந்தக் காலத்தோடு போய்விடவில்லை. 1945-ல் ஜெர்மனி தோற்றபோது நான்கு நாடுகள் அதைப் பங்கு போட்டு ஆண்டன. ஜப்பானில் 1952 வரை அமெரிக்க அதிகாரம் நடந்தது. அங்கேயும் ஜப்பானிய அதிகாரிகளை வைத்துக்கொண்டுதான் அமெரிக்கர் ஆண்டார்கள். ஊரைப் பிடிக்கப் பீரங்கி போதும். ஊரை ஆள, ஊர்க்காரர் வேண்டும். அன்று டூப்ளேக்குப் பிள்ளை வேண்டியிருந்தது.

வாக்குத் தவறியதன் பலன்

உடன்படிக்கையைப் பிரெஞ்சுக்காரரே முறித்துவிட்டார்கள். ஆகவே தாங்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்று ஆங்கிலேயர் நினைத்தார்கள். சிலர் மாறுவேடத்தில் கடலூர்க் கோட்டைக்கு ஓடினார்கள். அதில் இருபத்தொரு வயதுக் குமாஸ்தா ஒருவர் இருந்தார். அவர் பெயர் ராபர்ட் கிளைவ்!

பின்னால் 1751-ல் ஆர்க்காட்டைப் பிடித்து டூப்ளேயின் கனவைக் கலைத்தவர் அதே கிளைவ்தான். ஏமாந்த நவாபின் மகன் முகம்மது அலியும் ஆங்கிலேயர் பக்கமே சேர்ந்தார். டூப்ளே மீறிய இரண்டு வாக்கும் இரண்டு பகையாகத் திரும்பி வந்தன.

ஐரோப்பாவில் 1748-ல் சமாதானம் ஆயிற்று. அமெரிக்காவில் பிடித்த லூயிபர்க் என்ற கோட்டையை ஆங்கிலேயர் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்கு மாற்றாகச் சென்னை அவர்களுக்குக் கிடைத்தது. சென்னை ஜனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1749-ல் திரும்பி வந்த ஆங்கிலேயரும் சும்மா இருக்கவில்லை. பிரெஞ்சுக்காரருக்கு உதவியதாகச் சந்தேகப்பட்டுக் கோட்டைக்குள் இருந்த கத்தோலிக்கரின் கோயிலைப் பறித்தார்கள். அதே ஆண்டு முகம்மது அலியின் பெயரைச் சொல்லிச் சாந்தோமையும் மயிலாப்பூரையும் தங்கள் கைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

உச்சமும் வீழ்ச்சியும்

பிள்ளைக்கு அப்போது உச்ச காலம். 1749-ல் முசபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்ற பட்டம் கொடுத்தார். செங்கல்பட்டு ஜாகீரும் கிடைத்தது. பெரிய மனிதர்கள் எல்லாம் அவர் வாசலில் காத்திருந்தார்கள்.

ஆனால் அந்த அதிகாரத்துக்கும் ஒரு எல்லை இருந்தது. 1748-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியை முற்றுகையிட்டிருந்த சமயத்தில், ஊருக்குள் இருந்த வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக்காரர் இடித்தார்கள். ஊர்ப் பெரியவர்கள் பிள்ளையிடம் முறையிட்டார்கள். அவரால் தடுக்க முடியவில்லை. தலைமைத் துபாஷ், அன்று தம் வருத்தத்தைப் புத்தகத்தில்தான் எழுத முடிந்தது.

1754-ல் டூப்ளேயைப் பிரான்சுக்குத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். அத்தோடு பிள்ளையின் நல்ல காலமும் போயிற்று. உடம்பு கெட்டது. 1756-ல் பதவியும் போயிற்று.

பிறகு லல்லி என்ற தளபதி வந்தார். 1758-ல் கடலூர்க் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டம் ஆக்கினார். சென்னையையும் முற்றுகையிட்டார், பிடிக்க முடியாமல் திரும்பினார். 1760-ல் ஆங்கிலத் தளபதி கூட் பாண்டிச்சேரியை வளைத்துக்கொண்டார்.

ஊருக்குள் பஞ்சம். சோறு மிச்சம் ஆகட்டும் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம்மவரை லல்லி ஊருக்கு வெளியே விரட்டினார். ஆங்கிலப் படை அவர்களை அப்பால் போகவிடவில்லை. இரண்டு படைக்கும் நடுவே, ஆணும் பெண்ணும் குழந்தையும் வயல் வெளியில் நாட்கணக்கில் பட்டினி கிடந்தார்கள். கடைசியில்தான் ஆங்கிலேயர் வழிவிட்டார்கள்.

1761-ம் ஆண்டு ஜனவரியில், கோட்டை விழும் தறுவாயில் ஆனந்தரங்கப் பிள்ளை கண்ணை மூடினார். வயது 51. அதே ஜனவரி 16-ந் தேதி ஆங்கிலேயர் பாண்டிச்சேரிக்குள் புகுந்தார்கள்.

சென்னையில் நடந்தது எல்லாம் அங்கேயும் நடந்தது. பிரெஞ்சுக்காரரைக் கைதியாகக் கப்பல் ஏற்றினார்கள். கோட்டையையும் வெள்ளைக்காரர் வீடுகளையும் இடித்து மண்மேடு ஆக்கினார்கள். சென்னையிலிருந்து போன கறுப்புத் தூண்கள் சென்னைக்கே திரும்பி வந்தன. இன்றும் அவை சென்னைக் கோட்டையில் நிற்கின்றன.

எழுத்து நின்றது

1846-ம் ஆண்டில் காலுவா மோம்பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் பிள்ளையின் நாட்குறிப்பைக் கண்டெடுத்தார். சென்னை அரசாங்கம் அதை ஆங்கிலத்தில் 12 பாகமாக வெளியிட்டது. பாண்டிச்சேரியில் ரங்கப் பிள்ளை வீதி அவர் பெயரைச் சொல்லுகிறது. அவர் வீடும் அங்கேயே இருக்கிறது.

பிள்ளை மகானா? அப்படிச் சொல்ல முடியாது. லாபம் பார்த்தார். வென்றவர் பக்கம் நின்றார். பிறந்த ஊரைப் பிடித்தவரைப் புகழ்ந்தார்.

ஆனால் கண்ணால் கண்டதை மறைக்கவில்லை. எஜமானரைப் புகழ்ந்த அதே கையால் இடித்த கோயிலையும் எழுதினார், ஏமாந்த வியாபாரியையும் எழுதினார். டூப்ளேயின் சரித்திரத்தை எழுத ஆயிரம் பேர் உண்டு. கொடி மாறும்போதெல்லாம் வீடு இழந்த சாதாரண ஜனங்களின் கதையைத் தமிழில் எழுதி வைத்தவர் அவர்தான்.

பெயர்த்துக் கொண்டுபோன தூணைத் திருப்பிக் கொண்டுவரலாம். அந்த ஜனங்கள் இழந்ததை எந்த உடன்படிக்கையும் திருப்பித் தரவில்லை. அந்தக் கணக்கு பிள்ளையின் புத்தகத்தில் மட்டுமே இருக்கிறது.