மண் கரைந்தால் செலவு யாருடையது? ஹியூ பென்னட்டின் வாழ்க்கை

சரிவு நிலத்தில் வரப்பு போட, புல் நட, ஓடையில் தடுப்பு கட்ட ஆகும் செலவில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்ளும், மீதியை விவசாயி போட வேண்டும். சொட்டுநீர்க் குழாய்க்கு மானியம் வாங்கியவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. அமெரிக்காவில் 100 ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒரு பேச்சே கிடையாது. உன் நிலம் கரைந்தால் அது உன் பாடு என்பதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை மாற்றியவர்களில் முன்னால் நின்றவர் ஹியூ ஹாமண்ட் பென்னட். அங்கே அவரை மண் பாதுகாப்பின் தந்தை என்று அழைக்கிறார்கள்.

பென்னட் 1881ஆம் ஆண்டு வட கரோலினா மாநிலத்தில் ஆன்சன் மாவட்டத்தில் பிறந்தார். அப்பா பருத்தி விவசாயி. மேடும் பள்ளமுமான செம்மண் பூமி அது. வருடா வருடம் பருத்தி போட்டுப் போட்டு, மழை வரும்போதெல்லாம் மண் ஓடையில் இறங்கிக்கொண்டிருந்தது. சரிவின் குறுக்கே வரப்பு போடுவதற்கு மட்டம் பார்க்கும்போது சிறுவன் ஹியூவும் அப்பாவுக்குக் கூடமாட உதவி செய்தான். அந்த வேலை எதற்கு என்று அப்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

1903இல் பட்டப்படிப்பு முடித்ததும் மத்திய வேளாண் துறையின் மண் ஆய்வு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஊர் ஊராகப் போய் மண்ணைத் தோண்டிப் பார்த்து வரைபடம் போடுவதுதான் வேலை.

1905இல் வர்ஜீனியா மாநிலத்தின் லூயிசா மாவட்டத்துக்கு அனுப்பினார்கள். அங்கே விளைச்சல் குறைந்துகொண்டே போகிறது, காரணம் கண்டுபிடிக்க வேண்டும் என்பது உத்தரவு. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு துண்டு நிலம் பார்த்தார். ஒன்று காடு, கலப்பை படாதது. மற்றது பல காலம் உழுத வயல். இரண்டுக்கும் ஒரே சரிவு, அடியில் ஒரே பாறை. ஆக, ஒரு காலத்தில் மண்ணும் ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். காட்டு மண் வறண்ட காலத்திலும் ஈரப்பதத்தோடு பொலபொலவென்று கையாலேயே தோண்டும்படி இருந்தது. வயல் மண்ணோ கல் மாதிரி இறுகிய களி.

வயலில் பெரிய பள்ளம் எதுவும் இல்லை, ஓடை அறுத்துக்கொண்டு போகவும் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் ஒரு தாள் கனத்துக்கு மேல்மண் மொத்தமாக நழுவிப் போயிருக்கிறது. அடுக்கு அரிப்பு என்று நம் வேளாண் அலுவலர்கள் சொல்வது இதைத்தான். பள்ளம் விழுந்தால் விவசாயி பதறுவார். இது கண்ணுக்கே தெரியாமல் நடப்பதால், அடியில் இருக்கும் களி மேலே வந்த பிறகுதான் விஷயம் புரியும். பென்னட்டின் மீதி வாழ்க்கை முழுவதும் லூயிசாவில் பார்த்த அந்த இரண்டு துண்டு நிலத்தைச் சுற்றியே போனது எனலாம்.

வேடிக்கை என்னவென்றால், அவர் வேலை பார்த்த அலுவலகமே அதை ஏற்கவில்லை. நாட்டின் சொத்துகளில் மண் ஒன்றுதான் அழியாதது, எடுக்க எடுக்கத் தீராதது என்ற கருத்தில் 1909இல் அந்த அலுவலகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மேலதிகாரி எழுதியது. பென்னட் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை, வேலையை விடவும் இல்லை. ஏறக்குறைய 20 வருடம் கட்டுரை எழுதினார், கூட்டங்களில் பேசினார், கியூபாவரை போய் மண் ஆய்வு செய்தார். 1928இல் டபிள்யூ. ஆர். சேப்ளின் என்பவரோடு சேர்ந்து, மண் அரிப்பு நாட்டுக்கே வந்திருக்கும் ஆபத்து என்று ஒரு சிறு அரசு வெளியீடு கொண்டுவந்தார். அதன் பிறகுதான் நாடாளுமன்றம் அசைந்தது. 1929இல் ஆராய்ச்சிக்காக 1,60,000 டாலர் ஒதுக்கினார்கள். எந்தப் பயிர் எவ்வளவு மண்ணை இழக்க வைக்கிறது என்று அளந்து பார்க்கும் பண்ணைகள் தொடங்கின.

கூன் பள்ளத்தாக்கில் போட்ட ஒப்பந்தம்

1933இல் ரூஸ்வெல்ட் ஜனாதிபதியானார். நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம், விளைபொருளுக்கு விலை இல்லை, கடனில் பண்ணைகள் ஏலத்துக்கு வந்துகொண்டிருந்த நேரம். வேலைவாய்ப்புக்காக ஒதுக்கிய நிதியிலிருந்து 50 லட்சம் டாலர் எடுத்து மண் அரிப்புத் தடுப்புக்கென்று புதிதாக ஓர் அமைப்பு உருவாக்கினார்கள். அதற்குத் தலைவர் பென்னட்.

அறிவுரை நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தால் எந்த விவசாயியும் மாற மாட்டார் என்று அவருக்குத் தெரியும். ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதியை முழுதாக எடுத்துக்கொண்டு, எல்லோரும் வந்து பார்க்கும்படி செய்து காட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். முதலில் எடுத்தது விஸ்கான்சின் மாநிலத்தின் கூன் பள்ளத்தாக்கு. சுமார் 90,000 ஏக்கர், மாடும் மக்காச்சோளமும் உள்ள மலைச்சரிவுப் பகுதி. வயல்கள் எல்லாம் கட்டம் கட்டமாக, மேலிருந்து கீழாக உழுதவை. செங்குத்துச் சரிவில் மாடு மேய்ந்து மேய்ந்து தரை மொட்டையாகிக் கிடந்தது. மழை பெய்தால் பள்ளத்தாக்கு முழுக்கச் சேற்று வெள்ளம்.

விவசாயியோடு ஐந்து வருடத்துக்கு எழுத்து ஒப்பந்தம் போட்டார்கள். விதை, மரக்கன்று, உரம், சுண்ணாம்பு, வேலிக் கம்பி அரசு தரும். அரசு முகாமில் இருக்கும் இளைஞர் படை வந்து உடலுழைப்பும் தரும். பதிலுக்கு விவசாயி தன் உழைப்பைப் போட வேண்டும், செங்குத்துச் சரிவிலிருந்து மாட்டை விலக்க வேண்டும், மீதி நிலத்தைச் சரிவின் குறுக்கே பட்டை பட்டையாகப் பிரித்து, ஒரு பட்டையில் மக்காச்சோளம், அடுத்ததில் தீவனப் புல் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். அதற்கு முன்பு அந்தப் பண்ணைக்கென்று ஒரு வரைபடம் தயாராகும். மண் தெரிந்தவர், காடு தெரிந்தவர், பயிர் தெரிந்தவர் எல்லோரும் விவசாயியோடு நிலத்தைச் சுற்றி நடந்து போடும் திட்டம் அது. 400க்கும் மேற்பட்ட விவசாயிகள் கையெழுத்துப் போட்டார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். தன் நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ள விவசாயிக்கு ஏன் ஊர்ப் பணம் தர வேண்டும்? பென்னட் தரப்பின் வாதம் இதுதான். மேலே கரையும் மண் கீழே அணையை நிரப்புகிறது, ஆற்றைத் தூர்க்கிறது, பக்கத்து ஊர்க் குடிநீரைக் கெடுக்கிறது. நட்டம் ஊர் முழுக்கப் பரவுகிறது. தடுக்கும் செலவு மட்டும் ஒருவர் தலையில். அதிலும் வரப்புக்கு இன்றைக்கே பணம் போக வேண்டும், பலன் ஐந்தாறு வருடம் கழித்துத்தான் வரும். அடுத்த மாத வட்டிக்கே வழியில்லாதவரிடம் அதைத் தனியாகச் செய் என்றால் நடக்காது. அதே சமயம் எல்லாவற்றையும் அரசே செய்துவிட்டால் யாரும் அதைப் பராமரிக்க மாட்டார்கள். ஆகவேதான் பங்கு.

வாஷிங்டனுக்கு வந்த புழுதி

மேற்குச் சமவெளியில் இதற்குள் நிலைமை கைமீறிவிட்டது. ஓக்லஹோமா, கன்சாஸ், டெக்சாஸ் பக்கம் புல்வெளியை உழுது கோதுமை போட்டிருந்தார்கள். மழை பொய்த்தது, காற்று மண்ணைத் தூக்கியது. 1934 மே மாதம் கிளம்பிய புழுதி நியூயார்க், வாஷிங்டனைத் தாண்டி அட்லாண்டிக் கடலில் போன கப்பல்கள் மேலும் விழுந்தது.

1935இல் மண் பாதுகாப்புக்கு நிரந்தரச் சட்டம் வேண்டி செனட் குழு முன் பென்னட் விளக்கம் கொடுத்தார். அன்றைக்கு இன்னொரு புழுதிப் புயல் தலைநகரை நோக்கி வருவது அவருக்கு முன்கூட்டியே தெரியுமாம். அதற்காகப் பேச்சை இழுத்து இழுத்து நீட்டினாராம். வெளியே இருட்டிக்கொண்டு வந்ததும் உறுப்பினர்கள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார்களாம். சொல்லிச் சொல்லிக் கொஞ்சம் மசாலா சேர்ந்திருக்கலாம். ஆனால் 1935 ஏப்ரல் 27இல் சட்டம் கையெழுத்தானது. வேளாண் துறையின் கீழ் மண் பாதுகாப்புப் பிரிவு உருவானது, பென்னட் அதன் முதல் தலைவர்.

அடுத்த வருடமே இன்னொரு சட்டம் வந்தது. அதுவரை சாகுபடிப் பரப்பைக் குறைக்க விவசாயிக்குப் பணம் கொடுத்த திட்டத்தை 1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது. உடனே, மண்ணைக் கெடுக்கும் பயிரைக் குறைத்து மண்ணை வளர்க்கும் பயிர் போட்டால் பணம், வரப்பு மாதிரி வேலை செய்தால் பணம் என்று சட்டத்தை மாற்றி எழுதினார்கள். செலவுப் பங்குத் திட்டம் நாடு முழுக்கப் பரவியது அதிலிருந்துதான். ஆனால் அந்தப் பணம் பென்னட்டின் பிரிவு வழியாகப் போகவில்லை. அதே துறையில் வேறு ஒரு பிரிவின் கையில் இருந்தது.

பல வருட உரசல் அங்கேதான் தொடங்கியது. முதலில் பண்ணை முழுவதற்கும் திட்டம், பிறகு பணம் என்பது பென்னட்டின் முறை. அந்தப் பிரிவோ வேலைக்கு இவ்வளவு என்று பட்டியல் வைத்துக் கொடுத்தது. பென்னட்டின் ஆட்கள் ஒவ்வொரு பண்ணையாக நடந்துபோய்த் திட்டம் போட நாள் பிடிக்கும். பட்டியல் முறை சீக்கிரம் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தப் பணத்தில் பெரும் பங்கு சுண்ணாம்புக்கும் உரத்துக்கும் போகிறது, அவை விளைச்சலைக் கூட்டுமே தவிர மண் ஓடுவதை நிறுத்தாது என்ற குறை கடைசிவரை இருந்தது. இந்த விஷயத்தில் பென்னட் பக்கம்தான் நியாயம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. வரப்பின் உபரி நீர் வெளியேறப் புல் வாய்க்கால் இல்லாமல் வரப்புக்கு மட்டும் காசு கொடுத்தால், முதல் பெருமழையில் வரப்பு உடைந்து பள்ளம் விழும்.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. பருத்திப் பகுதியில் பாதி நிலம் குத்தகைக்காரர், வாரதாரர் கையில். அவர்களில் கறுப்பின மக்கள் ஏராளம். 1933இல் பரப்பைக் குறைக்க வந்த பணத்தை நில உரிமையாளர் பலர் தாங்களே வைத்துக்கொண்டு வாரதாரரை வெளியேற்றினார்கள். ஐந்து வருட ஒப்பந்தம் என்பதும் ஒரு வருடக் குத்தகையில் இருப்பவருக்கு எட்டாத ஒன்று. பென்னட் மண்ணைப் பற்றி எவ்வளவு பேசினாரோ, அந்த அளவுக்கு இதற்கு அவரிடம் பதில் இருக்கவில்லை.

அவர் முறை நிலைத்தது உள்ளூர் அமைப்புகள் வழியாக. 1937இல் ரூஸ்வெல்ட் எல்லா மாநில ஆளுநர்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டம் அனுப்பினார். விவசாயிகளே சேர்ந்து மண் பாதுகாப்பு வட்டம் அமைத்துக்கொள்ளலாம், அரசு வல்லுநரை அனுப்பும். அந்த ஆண்டு ஆகஸ்ட் 4இல் முதல் வட்டம் அமைந்தது பென்னட் பிறந்த ஆன்சன் மாவட்டத்தின் பிரவுன் ஓடைப் பகுதியில். அவர் அப்பாவின் நிலமும் அதற்குள் வந்தது. இன்று அமெரிக்காவில் அப்படி சுமார் 3,000 வட்டங்கள் இருக்கின்றன.

1951இல் பதவியிலிருந்து விலகினார். 1956இல் மேற்குச் சமவெளி மாநிலங்களுக்கென்று ஒரு திட்டம் வந்தது. வயலோ மேய்ச்சல் நிலமோ, முதலில் பண்ணை முழுவதற்கும் திட்டம், பிறகு 10 வருடம் வரை ஒப்பந்தம், செலவில் 80 சதவீதம் வரை அரசுப் பங்கு. இந்த முறை பணம் மண் பாதுகாப்புப் பிரிவின் வழியாகவே போனது. பென்னட் 1960 ஜூலையில் இறந்தார். ஆர்லிங்டன் தேசியக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள்.

1996இல் பழைய பட்டியல் திட்டம், சமவெளித் திட்டம் எல்லாவற்றையும் ஒன்றாக்கிப் புதிய திட்டம் கொண்டுவந்தார்கள். அதில் அரசின் பங்கு 75 சதவீதம் வரை. புதிதாக விவசாயத்துக்கு வந்தவர், வசதி குறைந்தவர், காலங்காலமாக ஒதுக்கப்பட்ட சமூகத்தினர் ஆகியோருக்கு 90 சதவீதம் வரை தரவும், பொருள் வாங்க முன்பணம் தரவும் பின்னர் வழி செய்தார்கள். வேலை முடிந்து, அலுவலர் பார்த்து, அளவுப்படி இருக்கிறது என்று சான்று கொடுத்த பிறகே மற்றவர்களுக்குப் பணம் வரும். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே அவசரப்பட்டு வேலையைத் தொடங்கிவிட்டால் அதற்குப் பொதுவாகப் பங்கு கிடைக்காது. போட்டதைக் குறிப்பிட்ட காலம் பராமரிக்காவிட்டால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். குத்தகைக்காரரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒப்பந்தக் காலம் முழுக்க நிலம் தன் கையில் இருக்கும் என்று அவர் காட்ட வேண்டும்.