டர்போவின் தந்தையும் எங்கள் மலையேற்றமும்: அல்பிரட் பியூகியின் கதை

எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கு இப்போது டர்போ ஆசை பிடித்திருக்கிறது. காரணம் விளங்காததல்ல. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலையே எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. கையிலிருக்கும் 1300 சிசி காரை விற்றுவிட்டுப் பெரிதாக ஒன்று வாங்க வழியில்லாதவன், இருக்கிற எஞ்சினுக்கே பலம் ஏற்றப் பார்க்கிறான். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய டர்போ ஒன்று கிடைக்கும், வெல்டிங் செய்ய ஆள் இருக்கிறது, பிறகென்ன?

பதுளை – ஸ்பிரிங்வெளி வீதியில் சிறிய கராஜ் ஒன்றை வைத்திருப்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி என்னிடம் வருகிறது. அப்படி வருகிற தம்பிமாருக்கு நான் விலைப்பட்டியலைச் சொல்வதற்கு முன் ஒரு சுவிற்சர்லாந்துக்காரரின் கதையைச் சொல்வதுண்டு. பெயர் அல்பிரட் பியூகி. உலகில் ஓடுகிற ஒவ்வொரு டர்போ வாகனத்துக்கும் கப்பலுக்கும் மூலமான எண்ணம் அவருடையது. அந்த எண்ணத்தை ஓடவைக்க அவருக்கு 20 ஆண்டுகள் பிடித்தன. அவர் எதில் தோற்றார், எதில் வென்றார் என்பதுதான் எங்கள் தம்பிமாருக்குத் தேவையான பாடம் என்று நான் நினைக்கிறேன்.

பியூகி பிறந்தது 1879 ஜூலை 11ஆம் திகதி, சுவிற்சர்லாந்தின் வின்டர்தூர் நகரத்தில். அது இயந்திரத் தொழிலால் வளர்ந்த ஊர். சுல்சர் என்ற பெரிய இயந்திரத் தொழிற்சாலை அங்கேதான் இருந்தது. பியூகியின் தகப்பனார் ஜொஹான் அந்த நிறுவனத்தின் உயர் நிர்வாகி. பியூகி பிறந்த அதே 1879இல், டைபோயிட் காய்ச்சலால் பரீட்சையைத் தவறவிட்ட ஒரு ஜேர்மன் மாணவர், அடுத்த பரீட்சை வரும்வரை வேலை பழக சுல்சருக்கு வந்து சேர்ந்தார். அவர்தான் ருடோல்ப் டீசல். பின்னாளில் டீசலின் எஞ்சினுக்கு மூச்சுக் கொடுக்கப்போகிறவரும் அந்த ஊரிலேயே அந்த ஆண்டிலேயே பிறந்தது ஒரு தற்செயல். ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1899இல் சேர்ந்து 1903இல் இயந்திரப் பொறியியலாளராக வெளியே வந்த பியூகி, பெல்ஜியத்திலும் இங்கிலாந்திலும் வேலை செய்தார். அந்த நாட்களில் அவரை உறுத்தியது ஒரு கணக்கு. எஞ்சினுக்கு ஊற்றுகிற எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்சர் வழியாக வெளியே போய்விடுகிறது. தோட்டத்துக் கொழுந்து லொறியின் புகைக்குழாயில் கை வைத்துச் சுட்டுக்கொண்டவர்களுக்கு இதைப் பெரிதாக விளக்கத் தேவையில்லை. அந்தச் சூடு காசு கொடுத்து வாங்கியது.

வெளியே போகிற அந்தப் புகையால் ஒரு டர்பைனைச் சுழற்றி, அதே தண்டில் ஒரு கொம்பிரசரையும் சுழல விட்டு, எஞ்சினுக்குள் வளியை அமுக்கித் தள்ளினால் என்ன? கொம்பிரசர், எஞ்சின், டர்பைன் மூன்றும் வரிசையாக அமைந்த இந்த இயந்திரத்துக்கு 1905 நவம்பர் 16ஆம் திகதியிட்ட ஜேர்மன் காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. இலக்கம் 204630. அப்போது அவருக்கு வயது 26.

காப்புரிமை வந்தது, எஞ்சின் வரவில்லை. 1909இல் சுல்சரில் டீசல் ஆராய்ச்சிப் பகுதியின் பொறுப்பை ஏற்றார். 1911இல் பரிசோதனைகள் தொடங்கின. தகப்பனார் வேலை செய்த இடமாயிற்றே, வசதிக்கு என்ன குறை என்று நினைக்கலாம். வசதி இருந்தும் சரிவரவில்லை. அந்தக் காலத்து உலோகங்கள் புகையின் சூட்டை நெடுநேரம் தாங்கவில்லை. கொம்பிரசரும் டர்பைனும் வாங்குகிற சக்தியில் பாதியைத் தாங்களே தின்றுவிடுகிற அளவுக்குத் திறமை குறைந்தவை. இவற்றை வைத்துக்கொண்டு பியூகி எடுத்த எடுப்பிலேயே மிகக் கூடிய அமுக்கத்தை நோக்கிப் போனார். விளைவாக, உள்ளே தள்ளுகிற வளியைவிட வெளியே போகவேண்டிய புகை பலமாக எதிர்த்து நின்றது. பழைய புகை சிலிண்டரிலேயே தங்கியது.

இதற்கிடையில் மற்றவர்கள் வேறு பக்கமாக இதைப் பிடித்தார்கள். பிரான்சில் ஒகஸ்ட் ரத்தோ போர்விமானங்களுக்கு டர்போ செய்தார். அமெரிக்காவில் சான்போர்ட் மொஸ் 1918இல் லிபர்ட்டி விமான எஞ்சின் ஒன்றை லொறியில் ஏற்றி, 4,300 மீட்டர் உயரமான பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டுபோனார். தரைமட்டத்தில் சுமார் 350 குதிரைவலு தந்த எஞ்சின் உச்சியில் 230க்கு இறங்கியது. டர்போவைப் பூட்டியதும் பழைய வலு திரும்பியது.

இந்தப் பரிசோதனையை ஊவாக்காரர்கள் தினமும் செய்கிறோம். கொழும்பில் வளியமுக்கம் சுமார் 101 கிலோபஸ்கால். ஹப்புத்தளை 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கே அது 86 அளவில். அதாவது ஒவ்வொரு மூச்சிலும் ஏழில் ஒரு பங்கு வளி குறைவு. கீழே துள்ளி ஓடிய கார் நமுனுகுல மலைப்பக்கம் ஏறும்போது இரண்டாம் கியரில் முனகுவது ஓட்டுநரின் குறை அல்ல. மலைநாட்டுக்காரனின் டர்போ ஆசையை வெறும் பந்தய மோகம் என்று தள்ளிவிட நான் விரும்பாததும் இதனால்தான்.

பியூகியிடம் திரும்புவோம். 1925இல் அவர் தன் வழியை மாற்றினார். கூடிய அமுக்கம் என்ற பிடிவாதத்தை விட்டார். வளியைச் சற்றே அமுக்கினால் போதும் என்று வைத்துக்கொண்டு, கவனம் முழுவதையும் ஒழுங்கின் பக்கம் திருப்பினார். எந்தச் சிலிண்டரின் புகை எப்போது வெளியேறுகிறது என்று பார்த்து, ஒன்றோடொன்று மோதாத சிலிண்டர்களை மட்டும் ஒரே குழாயில் சேர்த்து, டர்பைனுக்குத் தனித்தனிப் பாதைகளில் அனுப்பினார். புகையின் ஒவ்வொரு துடிப்பும் டர்பைனைத் தனியாக அடித்துச் சுழற்றியது. உள்வாங்கும் வால்வும் வெளியேற்றும் வால்வும் சிறிது நேரம் சேர்ந்தே திறந்திருக்குமாறு செய்தார். இரண்டு துடிப்புகளுக்கு நடுவே புகையின் எதிர்ப்பு தணிகிற அந்த நொடியில் புதிய வளி உள்ளே நுழைந்து, மிச்சப் புகையைத் துடைத்துக்கொண்டு போனது. சிலிண்டரும் குளிர்ந்தது. இன்று டுவின் ஸ்க்ரோல் என்று பெயர் போட்டு விற்கிற டர்போவில் இருப்பது இதே எண்ணம்தான்.

பலன் கண்முன்னே இருந்தது. ஜேர்மன் போக்குவரத்து அமைச்சு 1923இல் கட்டக் கொடுத்த பிரொய்சன், ஹன்செஸ்டட் டன்சிக் என்ற இரண்டு பயணிகள் கப்பல்களின் பத்துச் சிலிண்டர் டீசல் எஞ்சின்கள், பியூகி வடிவமைத்துப் பிரவுண் பொவேரி நிறுவனம் செய்த டர்போக்களால் 1,750 குதிரைவலுவிலிருந்து 2,500க்கு உயர்ந்தன. 1926இல் பிரவுண் பொவேரியும் வின்டர்தூர் ரயில் எஞ்சின் தொழிற்சாலையும் அவரோடு சேர்ந்து பியூகி சிண்டிகேட் என்ற கூட்டை அமைத்தன. 1938இல் சுவிற்சர்லாந்தின் சவுரர் நிறுவனம் டர்போ பூட்டிய லொறியை வெளியிட்டது. எங்கள் ஊருக்கு 1924இல் ரயில் வந்து சேர்ந்ததையும் இந்த ஆண்டுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நீராவி எஞ்சின் மூச்சுவாங்கிப் பதுளைக்கு ஏறிய மறு ஆண்டே, மலை ஏறுகிற டீசல் லொறிகளின் எதிர்காலம் வின்டர்தூரில் தீர்மானமாகிவிட்டது.

1959 ஒக்டோபர் 27இல் பியூகி காலமானார். டர்போ பூட்டிய பெற்றோல் கார் கடைக்கு வந்ததை அவர் பார்க்கவில்லை. அது 1962இல் அமெரிக்காவில் நடந்தது. செவர்லே கோர்வேர் ஒன்று, ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயர் மற்றது. ஜெட்பயரின் டர்போ கொடுத்த அமுக்கம் 5 பிஎஸ்ஐ அளவுதான். ஆனால் எஞ்சினின் சொந்த அமுக்க விகிதம் 10.25. பெற்றோல் தானாக வெடித்துத் தட்டாமல் இருக்க, தண்ணீரும் மெதனோலும் கலந்த திரவம் ஒன்றை அது உள்ளே தெளித்தது. பல சொந்தக்காரர்கள் அந்தத் தாங்கியை நிரப்ப மறந்தார்கள். 1963க்குப் பிறகு அந்தக் கார் தயாரிக்கப்படவில்லை.

டீசலையும் பெற்றோலையும் பிரிக்கிற இடம் இதுதான். டீசலில் வளி கூடினால் பெரும்பாலும் நன்மை. பெற்றோலில் வளி கூடினால் எரிபொருளும் அதே அளவுக்குக் கூடவேண்டும், தீப்பொறியும் பிந்தவேண்டும். இல்லாவிட்டால் பிஸ்டன் உருகும். கம்பனி கொடுத்த ஈசியூவுக்கு வெளி வளியமுக்கத்துக்கு மேலே ஓர் உலகம் இருப்பதே தெரியாது. அதன் அமுக்க சென்சர் அந்த எல்லையோடு நின்றுவிடும்.

குறைந்த செலவில் இதைச் சமாளிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. டர்போ அமுக்கம் கூடக்கூட எரிபொருள் அமுக்கத்தையும் கூட்டுகிற ரெகுலேட்டர் மிக மலிவு, மிக முரடு. தீப்பொறியைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. பிக்கிபேக் பெட்டி, சென்சருக்கும் ஈசியூவுக்கும் நடுவில் நின்று சமிக்ஞையை மாற்றிச் சொல்கிறது. ஈசியூவிடம் பொய் சொல்கிற தரகர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரகர் கெட்டிக்காரராக இருக்கும்வரை வண்டி ஓடும். மூன்றாவது, ஈசியூவையே மாற்றுவது. பவுலிங், கிரிப்போ என்ற இரு அமெரிக்கர்கள் தொடங்கிய மெகாஸ்குவர்ட், அதற்குப் பின் அர்டுயினோ பலகையில் ஓடுகிற ஸ்பீடுயினோ இரண்டும் கையால் ஒட்டித் தயாரிக்கக்கூடியவை. விலையுயர்ந்த பெட்டிகளின் வேலையில் முக்கால்வாசியை இவை செய்யும். எனக்குப் பிடித்தது இதுதான். ஆனால் இதற்கு அகல அளவீட்டு ஒட்சிசன் சென்சரும் பொறுமையும் வேண்டும், 95 ஒக்டேன் பெற்றோலும் வேண்டும். 5, 6 பிஎஸ்ஐக்கு மேலே போகாமல் இருந்தால், பழைய பிஸ்டனே பல எஞ்சின்களில் தாங்கும்.

மலைநாட்டுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. டர்போவின் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் வெளி வளிக்கு மேலே எவ்வளவு என்றுதான் அளக்கிறது. 6 பிஎஸ்ஐ என்பது 41 கிலோபஸ்கால். ஹப்புத்தளையில் எஞ்சினுக்குள் மொத்தம் 127, கொழும்பில் அதே ஸ்பிரிங்கில் 142. இங்கே இரண்டு வாரம் ஓட்டி அட்டவணையை நிரப்பிய தம்பி, கல்யாணம் ஒன்றுக்காக வெல்லவாய வழியாகத் தெற்கே இறங்கி நெடுஞ்சாலையில் மிதிக்கும்போது, அவனுடைய அட்டவணையில் யாரும் தொடாத கட்டங்களுக்குள் எஞ்சின் போய்விடுகிறது. அந்தக் கட்டங்களில் எரிபொருளைக் கொஞ்சம் தாராளமாகவும் தீப்பொறியைக் கொஞ்சம் பின்தள்ளியும் முன்கூட்டியே எழுதிவைக்கவேண்டும். பிறகு கடற்கரை மட்டத்தில் ஒரு நாள் செலவழித்து, பக்கத்து இருக்கையில் மடிக்கணினியோடு ஒருவரை உட்காரவைத்து, மெதுமெதுவாகத் திருத்தவேண்டும்.