ஆய்ந்து அளித்த எக்ளன்டைன் ஜெப் அம்மையார்

பசித்தவருக்கு உணவளித்தல் இல்லறத்தாரின் கடமை என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். வாசலில் வந்து நிற்பவரின் பசி நம் கண்ணுக்குத் தெரியும். என்ன கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது என்பதை அவர் முகமே சொல்லிவிடும். ஆனால் கடல் கடந்த நாட்டில் பஞ்சமோ வெள்ளமோ நிலநடுக்கமோ நேரும்போது நாம் அளிப்பது உரியவரைச் சென்று சேர்வது எங்ஙனம்? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கிய ஆங்கிலப் பெண்மணி ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம்.

எக்ளன்டைன் ஜெப் 1876ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள் இங்கிலாந்தில் ஷிராப்ஷயர் மாவட்டத்து எல்ஸ்மியர் என்னும் ஊரில் வசதி மிக்க குடும்பத்தில் பிறந்தார். அவருடைய அன்னையார் சிற்றூர் மக்களிடையே கைத்தொழில்களை வளர்க்கப் பாடுபட்டவர். ஏழையர்க்கு உதவுதல் என்பது அக்குடும்பத்தில் பேச்சாக மட்டும் இருக்கவில்லை. அன்றாடச் செயலாகவே இருந்தது. எக்ளன்டைன் ஆக்ஸ்போர்டில் வரலாறு பயின்றார். பின்னர் இலண்டனில் ஸ்டாக்வெல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயிற்சி பெற்று, மார்ல்பரோ நகரில் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள் பயிலும் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையானார். உடல்நலம் இடந்தராமையால் அப்பணி நெடுநாள் நீடிக்கவில்லை. ஆயினும் வறுமை ஒரு குழந்தையின் உடலையும் அறிவையும் எவ்வாறு வாட்டுகின்றது என்பதை அவர் அந்த வகுப்பறையிலேயே கண்டறிந்தார்.

பின்னர் அன்னையாருடன் கேம்பிரிட்ஜ் நகரில் குடியேறிய அவர், அங்கிருந்த அறப்பணிச் சங்கம் ஒன்றில் சேர்ந்தார். இரக்கம் கொண்டு கொடுப்பதற்கு முன்னர், யாருக்கு என்ன குறை, அதன் காரணம் யாது என விசாரித்தறிய வேண்டும் என்பதே அச்சங்கத்தின் கொள்கை. அதன்படி அந்நகர மக்களின் நிலையை ஆராய்ந்து 1906ஆம் ஆண்டில் ஒரு நூலும் வெளியிட்டார். மருத்துவர் நோயறிந்து மருந்து தருவது போலக் குறையறிந்து கொடை தரவேண்டும் என்னும் இந்தப் பயிற்சியே அவருடைய பிற்காலப் பணிகளுக்கு அடித்தளமாயிற்று.

1913ஆம் ஆண்டில், பால்கன் போரால் வீடிழந்தோர்க்கென ஒரு நிதியம் தொண்டாற்றி வந்தது. அதன் சார்பில் அம்மையார் மாசிடோனியா சென்றார். போரிட்டவர் எவராயினும் பசியால் வாடுவோர் பெண்களும் பிள்ளைகளுமே என்பதை அங்கே நேரில் கண்டார்.

அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. 1918 நவம்பரில் போர் ஓய்ந்தது, பசி ஓயவில்லை. தோற்ற நாடுகளுக்கு உணவு செல்லாதபடி விதிக்கப்பட்ட கடல் முற்றுகை மறு ஆண்டு கோடை வரை நீடித்தது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பால் இன்றி, கொழுப்புணவு இன்றிக் குழந்தைகள் எலும்புருக்கி நோய்க்கும் எலும்பு வளையும் நோய்க்கும் ஆளாயினர். அம்மையாரும் அவருடைய தங்கை டாரதி பக்ஸ்டனும் இக்கொடுமையை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். மெலிந்து வளர்ச்சி குன்றிய ஆஸ்திரியக் குழந்தை ஒன்றின் படம் அச்சிட்ட துண்டறிக்கைகளை, 1919ஆம் ஆண்டு இலண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் எக்ளன்டைன் வழங்கினார். அரசின் முன்னனுமதி பெறவில்லை எனக் கைது செய்யப்பட்டு, மே மாதத்தில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார். தம் வழக்கைத் தாமே வாதாடினார். தீர்ப்பு ஐந்து பவுன் தண்டம். ஆனால் வழக்கு முடிந்ததும், அவருக்கெதிராக வாதாடிய அரசு வழக்கறிஞர் சர் ஆர்ச்சிபால்டு பாட்கின் என்பாரே ஐந்து பவுன் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தார்! அம்மையார் அதனைப் பட்டினிக் குழந்தைகளுக்கான முதல் நன்கொடையாக வைத்துக்கொண்டார்.

சில நாட்களில், 1919 மே 19ஆம் நாள், இலண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் பெருங்கூட்டம் கூடியது. பகை நாட்டுப் பிள்ளைகளுக்கு உதவி கேட்பதா எனச் சினந்து வந்தோரும் அங்கிருந்தனர். அம்மையாரின் உரை அவர்கள் நெஞ்சையும் இளக்கியது. அன்று தொடங்கியதே 'சேவ் தி சில்ட்ரன்' எனப்படும் குழந்தைகள் காப்பு நிதியம். அவ்வாண்டின் இறுதியில் போப்பாண்டவர் பதினைந்தாம் பெனடிக்டும் உலகெங்கும் தம் திருச்சபையினர் இக்குழந்தைகளுக்கெனப் பொருள் திரட்டுமாறு பணித்தார்.

பணம் சேர்ந்தது. அதனை எவ்வாறு செலவிடுவது? இங்குதான் அம்மையாரின் தனித்தன்மை விளங்குகின்றது. தொடக்கத்தில் அவர் தொலைநாடுகளில் புதிதாகத் தம் ஆட்களை இறக்கவில்லை. அங்கே முன்னரே தொண்டாற்றி மக்களையும் மொழியையும் அறிந்திருந்த அமைப்புகளிடம் நிதியைப் பகிர்ந்தளித்தார். செய்தித்தாள்களில் முழுப்பக்க விளம்பரம் செய்ததை வீண்செலவு எனச் சிலர் குறை கூறினர். செலவிட்டதினும் பன்மடங்கு திரும்பி வருவதால் அது விதைநெல்லே ஆகும் என்பது அவர் கருத்து.

1921ஆம் ஆண்டில் பெருஞ்சோதனை வந்தது. இரஷ்யாவில் வால்கா ஆற்றுப் பகுதியில் மழை பொய்த்துக் கடும் பஞ்சம் பரவியது. அப்பஞ்சத்தில் ஐம்பது இலட்சம் பேர் வரை மாண்டதாக வரலாற்றாசிரியர் கணிப்பர். நார்வே நாட்டறிஞர் நான்சென் பன்னாட்டு உதவிகளை ஒருங்கிணைத்தார். உதவுவோர் அனைவரும் ஒரே இடத்தில் குவிந்து மற்ற இடங்கள் வெறிச்சோடாதபடி பகுதிகள் பிரித்துக்கொள்ளப்பட்டன. அம்மையாரின் நிதியத்திற்குச் சாரடோவ் மாநிலம் அமைந்தது. செப்டம்பரில் 600 டன் பொருள்களுடன் இலண்டனிலிருந்து கப்பல் புறப்பட்டது. மூட்டைகளை யாரிடமோ ஒப்படைத்துவிட்டுத் திரும்பாமல், சமையற்கூடங்கள் அமைத்து, தம் பணியாளரின் மேற்பார்வையில் உணவு வழங்கினர். பணி உச்சத்தில் இருந்தபோது நாள்தோறும் ஏறத்தாழ மூன்று இலட்சம் குழந்தைகள் அங்கு உண்டனர். ஒரு குழந்தைக்கு ஒரு வாரத்திற்கு ஆன செலவு ஒரு ஷில்லிங். கொடுப்பவர் தம் காசின் பயனைத் தெளிவாக அறியுமாறு அக்கணக்கு வெளியிடப்பட்டது.

அப்போதும் எதிர்ப்பு எழாமல் இல்லை. உள்நாட்டுப் பிள்ளைகள் வறுமையில் வாட, அயல்நாட்டார்க்கு ஏன் கொடுப்பது? கொடுப்பது அரசாள்வோர் கைக்குப் போகாது என்பது என்ன நிச்சயம்? இவ்வாறு ஒரு நாளிதழ் கடுமையாகத் தாக்கியது. இக்கேள்விகளை அம்மையார் அலட்சியம் செய்யவில்லை. உள்நாட்டுக் குழந்தைகளுக்கும் நிதியம் உதவியது. பஞ்சப் பகுதியையும் சமையற்கூடங்களையும் திரைப்படமாக எடுத்து மக்கள் காணச் செய்தனர். ஐயத்திற்கு அவர் அளித்த விடை சினம் அன்று, சான்றும் கணக்குமே.

உணவளிப்பதோடு அவர் நின்றுவிடவுமில்லை. அடுத்த வேளைக்கும் கையேந்தும் நிலையிலேயே மக்களை வைத்திருப்பது முழுமையான உதவி ஆகாது எனக் கருதினார். பல்கேரியாவில் அகதிகளுக்கென நிதியத்தின் உதவியால் எழுந்த அட்டோலோவோ என்னும் சிற்றூர் இன்றும் உள்ளது.

1923ஆம் ஆண்டில் குழந்தைகளின் உரிமைகளை ஐந்தே கூறுகளில் வரைந்தார். துன்பக் காலத்தில் முதல் உதவி குழந்தைக்கே சேரவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. 1924இல் சர்வதேச சங்கம் அதனை ஏற்றது. 1989இல் ஐக்கிய நாடுகள் அவை நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கைக்கு வித்து அதுவே. நெடுநாள் நோயுற்றிருந்த அம்மையார் 1928 டிசம்பர் 17ஆம் நாள் ஜெனீவாவில் தமது 52ஆம் வயதில் மறைந்தார். மணம் புரியாத அவரை அன்னையெனக் கருதத்தக்க குழந்தைகள் பல நாடுகளில் இருந்தனர்.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின், நாகப்பட்டினத்துச் சாலையோரங்களில் பழந்துணிகள் குவிந்து மண்ணோடு மக்கியதை நம்மவர் பலர் அறிவர். அனுப்பியோர் நெஞ்சில் இரக்கம் இருந்தது. பெறுவோர்க்கு வேண்டியது எது என்னும் விசாரணை இல்லை. உடைமை அனைத்தும் இழந்தவர்க்கும் மானம் உண்டு. நமக்கு வேண்டாததைக் கழிப்பது கொடை ஆகாது. தொலைநாட்டுத் துயருக்குப் பொருள்களை அனுப்புவதைவிட, அங்கு முன்னரே பணியாற்றி முறையாகக் கணக்குக் காட்டும் அமைப்புக்குப் பணமாக அளிப்பதே பெரும்பாலும் நன்று. தேவையானதை அருகிலேயே வாங்கலாம். கப்பற் கூலி மிஞ்சும். அவ்வூர் வணிகமும் பிழைக்கும். செய்தித்தாளில் படம் வரும் முதல் வாரத்தோடு நம் ஈகை வற்றிவிடாமல், வீடும் தொழிலும் மீளும் நாள் வரை சிறிது எஞ்சியிருத்தலும் வேண்டும்.

வீட்டில் பிள்ளைகள் உண்டியலில் காசு சேர்க்கும்போது, அக்காசு எங்கே, யாருக்கு, என்னவாகச் சென்று சேரும் என்பதையும் பெரியோர் அவர்களுடன் அமர்ந்து விசாரித்துச் சொல்வார்களாக. இரக்கத்தோடு விசாரணையும் சேர்ந்தால் சிறு காசும் ஒரு குழந்தையின் ஒரு வார உணவாகும் என்பதற்கு எக்ளன்டைன் ஜெப் அம்மையாரின் வாழ்வே சான்று.