குளம் மீட்ட தேசாதிபதி

புலவர் வரலாறும் புரவலர் வரலாறும் எழுதிப் பழகிய என் எழுதுகோல் இன்று ஓர் ஆங்கிலத் தேசாதிபதியின் வரலாற்றை எழுதப் புகுந்தமை அன்பர் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். நன்னூலும் நிகண்டும் கற்றவனுக்குக் குளக்கட்டிலே என்ன வேலை என்று வினவுவாரும் உளராகலாம். மருதத்திணையைப் பாடஞ் சொல்லும் ஆசிரியன், தன் மாணாக்கரின் வயலுக்கு நீர் எங்கிருந்து வருகின்றது என்பதை அறியாமற் பாடஞ் சொல்லுதல் தகாது என்பதே யான் அவர்க்குக் கூறும் விடை.

சில ஆண்டுகளின் முன் கல்முனையிலிருந்து மாணாக்கர் சிலரை இறக்காமக் குளத்துக்கு அழைத்துச் சென்றேன். கட்டின்மேல் நின்று, இக்குளத்தைக் கட்டியவர் யார் என்று ஒரு மாணவன் வினவினான். முற்காலத்து அரசர் என்றேன். பாழடைந்து கிடந்ததைப் பின்னர் மீட்டவர் யார் என்று உடனே அடுத்த வினாவை விடுத்தான். எனக்கு விடை தெரியவில்லை. அன்று யான் உற்ற நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

அவன் தேடிய பெயர் சேர் ஹென்றி ஜோர்ஜ் வார்ட் என்பது. அவர் 1797ஆம் ஆண்டு பெப்ரவரி 27ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் அரசியலாளர், நாவலாசிரியருமாவார். மைந்தர் ஹரோப் பள்ளியிற் கற்று, 1816இல் இராசதந்திர சேவையிற் சேர்ந்து, ஐரோப்பியத் தலைநகர்கள் சிலவற்றிற் பணியாற்றினார். 1825 முதல் 1827 வரை மெக்சிக்கோ நாட்டிலே பிரித்தானியப் பிரதிநிதியாக இருந்தார். அந்நாட்டைப் பற்றி அவர் எழுதிய நூல் 1828இல் வெளிவந்தது. அதற்குச் சித்திரம் வரைந்தவர் அவருடைய மனைவியார். 1832 தொடக்கம் 1849 வரை பாராளுமன்றத்தில் அமர்ந்தார். 1834இல், அயர்லாந்துத் திருச்சபையின் வருவாயில் மிகுதியைப் பிற பொதுக்காரியங்களுக்குத் திருப்ப வேண்டும் என்று அவர் கொணர்ந்த தீர்மானம் அமைச்சரவையையே ஆட்டி வைத்தது.

உரிமைக்காகப் பேசிய அந்த நாவுக்கு உடையவரே 1849இல் அயோனியத் தீவுகளின் ஆட்சியாளராகிச் செபலோனியாத் தீவில் எழுந்த கிளர்ச்சியை இராணுவச் சட்டங்கொண்டு ஒடுக்கினார். பலர் தூக்கிலிடப்பட்டனர், பலர் கசையடி பட்டனர். இச்செய்தியை மறைத்து அவரைப் புகழ்தல் வரலாற்றாசிரியன் அறமன்று. ஆதலின் அதனையும் இங்கே குறித்தேன்.

1855ஆம் ஆண்டு மே மாதத்தில் வார்ட் இலங்கையின் தேசாதிபதியாக வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அந்நாளில் உலர் வலயத்துக் குளங்கள் பல உடைந்தும் தூர்ந்தும் கிடந்தன. போரும் நோயும் குடிபெயர்வும் நூற்றாண்டுகளாகச் செய்த அழிவு ஒருபுறம். மற்றொரு புறம், நன்மை கருதிச் செய்த ஒரு சீர்திருத்தத்தால் விளைந்த கேடும் உண்டு. 1832இல் ஆங்கில அரசு இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தை ஒழித்தது. அடிமைத்தளை ஒன்று அறுந்தது என்று மகிழத்தக்க செயலே அது. ஆயின் கட்டைத் திருத்தவும் வாய்க்காலைத் துப்புரவு செய்யவும் ஊரார் ஒருங்கு கூடுகின்ற கடப்பாடும் அதனோடு தளர்ந்தது. தன் பங்கு வேலையைச் செய்யாதவனைக் கேட்பார் இல்லாமற் போயினர்.

இந்நிலையை வார்ட் தம் அறிவால் மட்டும் கண்டவரல்லர். ஊவாப் பகுதியிற் பணியாற்றிய ஜோன் பெய்லி என்னும் உதவி அரசாங்க அதிபர், பண்டை நீர்ப்பாசன வழக்கங்கள் எவ்வாறு நடந்தன, எவ்வாறு சிதைந்தன என்பதை ஆராய்ந்து எழுதிய அறிக்கை அவர் கைக்கு எட்டியது. அதன் பயனாகப் பிறந்ததே 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். நெற்காணி உடையோர் கூடி விரும்பினால், தம் பகுதியின் பழைய வழக்கங்களுக்குச் சட்டத்தின் வலுவைப் பெறலாம் என்றது அது. நீர் பற்றிய பிணக்கை, தொலைவிலுள்ள நீதிமன்றுக்குக் கொண்டு செல்லாமல் ஊரவரே கூடித் தீர்க்கவும் வழி வகுத்தது. எம் கிழக்குக் கரையிலே வட்டவிதானை என்று வழங்கும் நீர்த்தலைவரின் சொல்லுக்கு மீண்டும் மதிப்புண்டானது இவ்வழியிலேதான்.

வார்ட் மண்வேலைக்கு முன் வழக்கத்தைச் சீர்செய்ததை அன்பர்கள் உற்று நோக்குக. உடைந்த கட்டைப் பணத்தால் ஒரு கோடையிற் கட்டிவிடலாம். அடுத்த மாரியில் அதனைக் காப்பவர் இல்லையேல் அது மீண்டும் உடையும்.

அதன்பின் அவர் மண்வேலையையும் மேற்கொண்டார். தெற்கே மாத்தறைப் பகுதியிற் கிரம, உறுபொக்க என்னும் இடங்களிலும், கிழக்கே அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தில் இறக்காமம், அம்பாறை ஆகிய குளங்களிலும் வேலை நடந்தது. கிழக்கு மாகாணத்தைத் தாமே சென்று பார்த்தவர் அவர். இன்று அம்பாறை ஒரு மாவட்டத்தின் தலைநகர்; 1961இலே தனி மாவட்டமானது. சம்மாந்துறைப் போடியாரும் அவர்தம் முல்லைக்காரரும் விதைத்த வட்டைகளுக்கு மீண்டும் நீர் வந்த கதையை எண்ணும்போது, மறந்துபோன அந்த வெள்ளைக்காரரை நினையாதிருத்தல் நன்றிமறத்தலாகும்.

இதிலே அரசுக்கு ஊதியம் இல்லாமலில்லை. நெல் விளைவிற் பத்திலொன்று வரியாக அன்று அரசைச் சேர்ந்தது. அவ்வரி 1892இலேதான் ஒழிக்கப்பட்டது. விளைவு பெருகினால் வரியும் பெருகும் என்பது ஆட்சியாளர் கணக்கு. இந்தியாவிலிருந்து வரும் அரிசிக்காகப் பெரும்பொருள் வெளியேறுவதைத் தடுப்பதும் அக்கணக்கில் அடங்கும். ஆயினும் கணக்குப் பார்த்தவர் அனைவரும் குளம் திருத்தவில்லை, இவர் திருத்தினார்.

1860ஆம் ஆண்டு யூன் மாத இறுதியில் வார்ட் இலங்கையை விட்டுச் சென்னை மாகாணத்தின் ஆளுநராகச் சென்றார். பதவியேற்று ஒரு மாதம் நிறையுமுன், ஆகஸ்ட் 2ஆம் நாள், வாந்திபேதி நோயால் அங்கே உயிர் நீத்தார். அறுபத்துமூன்று வயது. நீரை மீட்ட ஒருவரை நீரின்வழிப் பரவும் நோய் கொண்டுபோயிற்று. அவர் தொடங்கிய பணியைப் பின்வந்த கிரெகரி, கோர்டன் முதலிய தேசாதிபதிகள் தொடர்ந்தனர்.

நிற்க. வார்ட் கண்டது இவ்வளவு, காணாததும் ஒன்றுண்டு. அவரும் அவர் காலத்துப் பொறியியலாளரும் குளம் என்றதும் கட்டையும் மதகையும் நினைத்தனர். பண்டையோர் குளத்திலே மரமும் புல்லும் உறுப்புகளாக இருந்தன. நீர் வரும் மேற்புறத்தில் மருதும் இலுப்பையும் அடர்ந்த சோலை நின்று காற்றைத் தடுத்து, நீர் வற்றுவதைக் குறைத்தது. அதனை அடுத்த புற்றரை வண்டலை வடித்தது. கட்டின் கீழ்ப்புறத்தில் வளர்ந்த செடிகொடிகள் கசியும் நீரிலுள்ள உப்பை உறிஞ்சி வயலைக் காத்தன. ஒரு குளத்தின் மிகுநீர் அடுத்த குளத்துக்குச் செல்லும் இத்தொடரமைப்பைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985இல் விளக்கியெழுதினார். 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் அதனை உலகின் வேளாண் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. வார்ட் காலத்திலோ, மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டங்களுக்காக வெட்டுண்டன. 1858இல் புகையிரதப் பாதைக்கு முதல் மண் வெட்டியவரும் அவரே. அப்பாதை வேண்டப்பட்டது கோப்பிக்காக. ஒரு கை குளத்தைத் திருத்த, மறுகை ஆற்றின் தலையிலுள்ள காட்டைக் குறைத்தது.

அவர் கண்ட உண்மை மட்டும் வீண்போகவில்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை மறித்துப் பெருங்கடல் போன்ற நீர்த்தேக்கத்தை அமைத்தது. முப்பது ஆண்டிற்குள் இடதுகரை வாய்க்கால்கள் சிதைந்தன. கடைமடைக்கு நீர் எட்டவில்லை. 1981 முதல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோணெல் பல்கலைக்கழகமும் அங்கே விவசாயிகளைக் குழுக்களாகக் கூட்டின. அவர்கள் தாமே வாய்க்காலைத் துப்புரவு செய்து முறைவைத்து நீர் பாய்ச்சினர். தலைமடையிலிருந்த சிங்கள விவசாயிகள் மிச்சம்பிடித்த நீர் கடைமடைத் தமிழ்பேசும் விவசாயிகளின் வயலுக்கும் சென்றது. கட்டுக்கு முன் காப்பாரை மீட்டல் வேண்டும் என்ற 1856ஆம் ஆண்டுப் பாடமே அங்கு மீண்டும் படிக்கப்பட்டது.

இனி எம் ஊர் நிலையைச் சொல்லுகின்றேன். கல்முனைக்கு மேற்கே கரைவாகு வட்டையும் அதனைச் சூழ்ந்த சதுப்பும் மாரிவெள்ளம் பரந்து தங்கிக் கடலுக்குச் செல்லும் இடங்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடல்கோளின் பின், வீடிழந்த மக்களைக் குடியேற்ற வயற்புறத்தில் ஒரு பகுதி நிரப்பப்பட்டது. உறவை இழந்தவனுக்குக் கூரை கொடுத்ததைக் குற்றமென்று கூற என் நா எழாது. அதன்பின்னும் நிரப்புதல் நிற்கவில்லை என்பதே என் வருத்தம். கிட்டங்கியிலே ஆற்றுவாழை அடைத்து நிற்கின்றது. முன்னர் எம் பெண்கள் பாய் இழைக்கப் பன் அறுத்த இடங்கள் மண்மேடாகின்றன. 2024 நவம்பர் 26ஆம் நாள், அரபுக் கல்லூரியில் ஓதிவிட்டு உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிய சிறார்களை மாவடிப்பள்ளியில் வெள்ளம் கொண்டுபோயிற்று. அத்துயரின் காரணத்தை ஆராய யான் புகவில்லை. அவர்களும் எம் வகுப்பில் அமரும் வயதினரே என்பதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

வெள்ளம் பரக்க இடம் விடுதலும், ஆற்றுவாழையை நீக்கிய இடத்திற் பன்னையும், கரையில் மருதையும் மீண்டும் வளர்த்தலும் பெரும்பொருள் வேண்டும் செயல்களல்ல; காப்பவர் வேண்டும் செயல்கள். மருதமுனை தன் பெயரிலே சுமந்து நிற்கும் மரத்தைக் காட்டும்படி அவ்வூர்ச் சிறுவரைக் கேட்டுப் பார்த்தேன். காட்டியவர் மிகச் சிலர். ஆதலின் ஆசிரிய அன்பர்களை ஒன்று வேண்டுகின்றேன். மருதத்திணை தொடங்கும் நாளில், மாணாக்கரை ஒருமுறை வாய்க்காற் கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். என் மாணவனைப்போல் ஒருவன் வினவினால், விடையை அறிந்து செல்லுங்கள்.