முகம் ருக்மணி, குரல் பெரியநாயகி... ஏவி.எம் செட்டியாரின் சத்த மேஜிக்!

காஞ்சிபுரம் பக்கத்துல இருக்கிற திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூணும் சேர்ற இடம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போய்ப் பாருங்க. பெருமாளைக் கும்பிட்டுட்டு ஆத்து மணல்ல இறங்குறவங்கள்ல பாதிப் பேர் கையில மொபைல் இருக்கும். யாரோ பாடின பாட்டுக்கு உதட்டை அசைச்சு ரீல்ஸ் எடுத்துட்டு இருப்பாங்க. சரியா வரலைனா ஆப்ல ரெண்டு தட்டு, முடிஞ்சது வேலை.

ஆப் இல்லாத, டேப்கூட நம்ம ஸ்டூடியோக்களுக்கு வராத காலத்துல, இதே வேலையை ஒரு முழு சினிமாவுக்கும் செஞ்சு காட்டினவர் காரைக்குடிக்காரர் ஒருத்தர். அவர்தான் ஏ.வி.மெய்யப்பன். நமக்குப் பழக்கமான பெயர், ஏவி.எம்.

கடையில ஆரம்பிச்ச கதை

1907 ஜூலை 28-ல் காரைக்குடியில் பிறந்தவர் மெய்யப்பன். அப்பா ஆவிச்சி செட்டியாரின் கடையில் கிராமபோன் ரெக்கார்டும் விற்பனைக்கு இருந்தது. விற்கிற பொருளை நாமே தயாரிச்சா என்னன்னு யோசிச்ச மெய்யப்பன், 1930-களின் தொடக்கத்தில் சென்னைக்கு வந்து, நண்பர்களோடு சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார்.

அப்போ ரெக்கார்டிங்னா லேசுப்பட்ட வேலை இல்லை. ஒரு பக்கத்துக்கு சுமார் மூணு நிமிஷம்தான். பாடப் பாட, ஊசி நேரா மெழுகுத் தட்டில் கோடு போடும். கடைசி வரியில பாடகர் இருமினாலும் போச்சு, முதல்லேருந்து பாடணும். வெட்டவும் முடியாது, ஒட்டவும் முடியாது. குரல் விஷயத்துல செட்டியார் காட்டின கறார்த்தனத்துக்கு இந்த வியாபாரம்தான் பள்ளிக்கூடம்.

அடுத்து சினிமா. முதல் ரெண்டு படங்களான 'அல்லி அர்ஜுனா', 'ரத்னாவளி' ரெண்டுமே தோல்வி. கையைச் சுட்டுக்கிட்டாலும் ஊருக்குத் திரும்பிப் போகலை.

பாடினது வேற, நடிச்சது வேற

அந்தக் காலத்து நடிகர்கள் கேமரா முன்னாடி நின்னு, சொந்தக் குரல்ல பாடிக்கிட்டேதான் நடிக்கணும். குரல் இல்லைனா வாய்ப்பும் இல்லை. 1938-ல் வந்த 'நந்தகுமார்' படத்தில் செட்டியார் இதை மாத்தினார். தேவகியாக நடிச்சவருக்காக லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகி பாடினார். தமிழ் சினிமாவில் பின்னணிப் பாட்டு அப்படித்தான் வந்தது.

1943-ல் கன்னடத்தில் 'ஹரிச்சந்திரா' எடுத்தார். அடுத்த வருஷமே அதைத் தமிழ்ல பேச வெச்சார். இந்தியாவின் முதல் டப்பிங் படம்னு சொல்லப்படுறது இதுதான். கேட்க ஈஸியா இருக்கும். ஆனா, திரையில உதடு மூடுற இடத்துல ப, ம மாதிரி எழுத்து வந்தாகணும். வாய் திறந்திருக்கும்போது அந்த எழுத்து வந்தா, பார்க்கிறவங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க.

'ஸ்ரீவள்ளி'யில வந்த சிக்கல்

1945. 'ஸ்ரீவள்ளி' படத்தை எடுத்து முடிச்சாச்சு. முருகனாக டி.ஆர்.மகாலிங்கம், வள்ளியாக குமாரி ருக்மணி. மகாலிங்கத்தின் குரல் உச்சத்துல பறக்கும். அதுக்குப் பக்கத்துல ருக்மணியின் பாட்டு எடுபடலைன்னு செட்டியாருக்குத் தோணிடுச்சு. இப்போ என்ன பண்றது? திரும்ப ஷூட்டிங் போனா செலவு எகிறும். அப்படியே விட்டா பாட்டுக்காகவே ஓட வேண்டிய படம் படுத்துடும்.

அவர் மூணாவதா ஒரு வழியைப் பிடிச்சார். படத்தைத் தொடாமல், குரலை மட்டும் மாத்துறது!

இது எப்படி சாத்தியம்? அப்போ சத்தத்தையும் ஃபிலிம்லதான் பதிவாங்க. ஒலி அலை, வெளிச்சத்தின் ஏற்ற இறக்கமா மாறி, தனி ஃபிலிம் சுருள்ல கோடா விழும். காட்சிக்கு ஒரு சுருள், சத்தத்துக்கு ஒரு சுருள். எடிட்டர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஓடவிட்டு, கத்தரியால வெட்டி, பசை தடவி ஒட்டுவார். கடைசியில்தான் ரெண்டும் ஒரே பிரின்ட்ல சேரும். அதனால சத்தச் சுருளை மட்டும் உருவிட்டு வேற ஒண்ணை வைக்கலாம்.

ஆனா, புதுசா பாடுறவங்க ஏற்கெனவே அசைஞ்சு முடிச்ச உதட்டுக்குப் பாடணும். வினாடிக்கு 24 ஃப்ரேம். சில ஃப்ரேம் தள்ளிப் போனாலே குட்டு வெளிப்பட்டுடும். ஒலிப்பதிவாளர் வி.எஸ்.ராகவன் துணையோடு, பி.ஏ.பெரியநாயகியைப் பாடவெச்சு, அந்தக் குரலை ருக்மணியின் உதட்டில் உட்காரவெச்சார் செட்டியார். படம் பெரிய ஹிட்!

காஞ்சிப் பட்டுல கோர்வைன்னு ஒண்ணு உண்டு. உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு வேற நாடா ஓட்டி, ரெண்டையும் பின்னிக் கோப்பாங்க. ரெண்டு நிறமும் சேர்ற இடத்துல பிசிறு தெரியக் கூடாது. செட்டியார் செஞ்சதும் கிட்டத்தட்ட அதுதான்.

இருபது வருஷம் கழிச்சு, 1966-ல் லண்டன்ல பீட்டில்ஸ் குழு வேகமும் சுருதியும் வேற வேறயான ரெண்டு பதிவை டேப்ல வெட்டி ஒட்டி, 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாட்டை உருவாக்கினாங்க. ஒண்ணோட வேகத்தைக் கூட்டி, இன்னொண்ணைக் குறைச்சு சேர்த்தாங்க. உலகமே இன்னிக்கும் அதைப் பத்திப் பேசுது. நம்ம ஊர்க் கதையையும் கொஞ்சம் பேசலாமே!

பிறகு...

'ஸ்ரீவள்ளி' வந்த அதே 1945-ல் ஏவி.எம் புரொடக்‌ஷன்ஸ் பிறந்தது. காரைக்குடியில் ஸ்டூடியோ போட்டு, 'நாம் இருவர்' எடுத்தார். அதில் ஆடினது குமாரி கமலா, பாடினது டி.கே.பட்டம்மாள். தன்கிட்ட இருந்த பாரதியார் பாடல்களின் உரிமையைப் பிறகு காசு வாங்காம அரசாங்கத்துக்குக் கொடுத்தார். ஸ்டூடியோ சென்னை வடபழனிக்கு வந்தது. 1979 ஆகஸ்ட் 12-ல் செட்டியார் காலமானார்.

அவர் கண்டுபிடிச்ச வழியால, பாடத் தெரியாதவங்களும் நடிக்க வந்தாங்க. முகம் காட்டாதவங்களும் பாடிப் புகழ் பெற்றாங்க. அதே வழியிலதான் ருக்மணியின் சொந்தப் பாட்டு அந்தப் படத்திலிருந்து காணாமப்போச்சு. ரெண்டையும் சேர்த்துத்தான் ஞாபகம் வெச்சுக்கணும்.

அடுத்த தடவை ரீல்ஸ்க்கு உதட்டை அசைக்கிறப்போ, ஓரத்துல சின்னதா இருக்கிற பாடகர் பெயரையும் ஒரு தடவை படிச்சுடுங்க. அந்தக் குரலுக்கும் ஒரு முகம் இருக்கு.